திருப்பத்தில் மட்டும் கேட்ட சத்தம்

ஏ கருப்பட்டி,

நேற்று மகளைப் பார்க்க ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் போனேன். செம்பட்டி முக்கில் பஸ் நின்றபோது, வெங்காய மூட்டை ஏற்றிய பழைய பிக்கப் வண்டி ஒன்று எதிரே வந்து திரும்பியது. திரும்பும்போது அதன் முன்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். என்ன செய்கிறேன் என்று நினைப்பதற்குள் என் வலது கை எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னக்கா, எறங்கணுமா?"

"இல்ல தாயி. கை தெரியாம பட்டுருச்சு."

"தெரியாம பட்ட மாதிரி இல்லையே. கதவத் தட்டுற மாதிரில்ல தட்டுனீங்க."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். கார்த்திகையில் நீ போனாய், இப்போது ஆடி. எட்டு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். அந்தப் பெண் பாவம், பொட்டலத்திலிருந்து ஒரு கை பொரிகடலை எடுத்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் நம் வண்டி ஞாபகம்தான். மகள் வீட்டில் இன்றைக்கு விடிந்ததும் அவள் பிள்ளையின் நோட்டில் நாலைந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் சொன்னேன். நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கையில் 'நீ'தான். எங்கள் வீட்டு அடுக்குப்பானையில் கருப்பட்டி திருடி, வாயெல்லாம் பிசுபிசுவென்று நின்ற அத்தை மகனுக்கு ஏழு வயதில் நான் வைத்த பேர் இது. அதற்கு 'ங்க' போட்டால் ஒட்டாது. மூணாங்கிளாஸ் படிப்பு என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் என்னைவிடப் பெரிய படிப்பு ஒன்றும் படித்துவிடவில்லை.

உனக்குக் காது சரியில்லை என்பதைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அத்தை சொல்லவில்லை. சண்டைக்குப் போய் வந்தவன், பர்மா பக்கம் மிலிட்டரி வண்டி ஓட்டினவன் என்று மட்டும் பெருமையாகச் சொன்னார்கள். கல்யாணத்தில் மேளக்காரர் உன் இடது காதுக்குப் பக்கத்தில் நின்று தவிலை அடி அடி என்று அடிக்கிறார், என் காது அடைத்துப்போனது, நீ சாவகாசமாக மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாய். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குண்டு பக்கத்தில் வெடித்ததில் இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காது மட்டும் மிச்சமாக ஊர் வந்தது, அதுவும் வருசத்துக்கு வருசம் மங்கிக்கொண்டே போனது.

டிரைவர் வேலை கிடைத்தது உன் கைப்பழக்கத்துக்காக. திண்டுக்கல்லில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த முதலாளி, மிலிட்டரி ஏலத்தில் அந்தப் பிக்கப்பை எடுத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மற்ற வண்டிகளில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இதில் தனியாக ஒரு கம்பி உண்டு. அதைப் பின்னால் இழுத்தால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். முன்னால் தள்ளினால் கழன்றுகொள்ளும். ஆத்தூர்ப் பக்கம் தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக்குள்ளேயே இறங்கி, கத்தரிக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேலே ஏறி வந்துவிடும். மாடுகள் முட்டி போடுகிற சேறு அது. அந்த வண்டியைக் கட்டி மேய்க்க ஊரில் ஆள் இல்லாமல்தான் முதலாளி உன்னைத் தேடி வந்தார். காதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

நான் வண்டியில் ஏறியது முதலில் கீரைக்கட்டு விற்க என்றுதான் பேர். உண்மை உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஸ்டேரிங் வலது பக்கம், நான் உனக்கு இடது பக்கம், கேட்காத காதுப் பக்கம். பின்னால் ஒரு வண்டி ஆரன் அடித்தால் உன் தோளில் ஒரு தட்டு. முன்னால், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் இரண்டு தட்டு. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நிறுத்து. இவ்வளவுதான் நம் பாஷை. கண் உனக்குக் கழுகுக் கண். கேட்பது மட்டும் என் வேலை.

ஊர் சும்மா இருக்குமா? பட்டப்பகலில் புருசன் தோளில் கை வைத்துக்கொண்டு போகிறவளை யார் பார்த்திருக்கிறார்கள்? காய் பறிக்கிற பொம்பளைகள் கத்தரிச் செடிக்குள்ளிருந்து கத்துவார்கள்.

"ஏ இவளே, கைய எடுத்தா புருசன் பறந்துருவானா?"

"பறந்துருவாருடி. ஒன் புருசன் மாதிரி கெடந்த எடத்துலயே கெடக்குற ஆளா?" என்று நானும் விடமாட்டேன். வாய் அப்படிப் பேசும். உள்ளுக்குள் பயம்தான். ஒரு நாள் நான் கண் அசந்து, ஒரு தட்டு விட்டுப்போய், எவன் பெற்ற பிள்ளையோ சக்கரத்தில் விழுந்துவிட்டால்? முதலாளிக்குத் தெரிந்து வேலை போவது ஒரு பக்கம். இது இன்னொரு பக்கம். இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டுதான் தினம் ஏறினேன்.

நயா பைசா வந்து ஜனம் குழம்பிக்கொண்டிருந்த வருசம், சித்திரை வெயிலில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை. திருப்பத்தில் மட்டும் முன்பக்கம் அடியில் டொக், டொக். திரும்பி நேரானதும் பெரிதாக ஒரு டொக். யாரோ கீழே படுத்துக்கொண்டு உலக்கையால் இடிக்கிற மாதிரி இருக்கும். உன் முகத்தைப் பார்த்தேன். நீ உன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாய்.

நான் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பத்து நாள். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. இப்போது சொல்கிறேன். உனக்குக் கேட்காத ஒன்றை நான் சொல்லும்போதெல்லாம் உன் முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு சரியாகும். ஆரன் என்றால் பரவாயில்லை, அது ஊரான் வண்டி. இது உன் வண்டி. மிலிட்டரியில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டினேன் என்று நீ மார்தட்டுகிற வண்டி. அது முனகுவது உனக்குக் கேட்கவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? தானாக நின்றுவிடும் என்று வேண்டிக்கொண்டு இருந்தேன்.

பதினோராம் நாள் முதலாளியே வண்டியில் ஏறினார். கடைத்தெரு முக்கில் திரும்பியதும் டொக்கென்றது. "நிறுத்துப்பா நிறுத்து!" என்று கத்தினார். நான் உன் தோளை அழுத்தினேன், நீ நிறுத்தினாய். நேராக, வண்டி ரிப்பேர் பார்க்கிற பாயின் பட்டறைக்குப் போகச் சொன்னார். பாய் நல்ல மனுசன், நமக்கும் பழக்கம். பட்டறை வாசல் தார் ரோட்டில் உன்னை இரண்டு வட்டம் அடிக்கச் சொல்லி, காதைச் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"முதலாளி, கிரவுன் போச்சு" என்றார். முன் அச்சுக்கு நடுவில், குண்டுப் பெட்டிக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம்தான் கிரவுன். "முன்பக்கத்த முழுசா எறக்கித்தான் பாக்கணும். சாமான் கெடைக்குமான்னே தெரியல." பிறகு உன் பக்கம் திரும்பி, "ஏன் டிரைவரே, இந்தச் சத்தம் எத்தன நாளா கேக்குது? காதுல விழலையா?" என்றார்.

நீ சிரித்த முகமாக, "ஆமா பாய், சரியான வெயிலு" என்றாய்.

பாய் முழித்தார். முதலாளி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. நல்ல வேளை, அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். செவிடு என்று எடுத்துக்கொள்ளவில்லை. "வண்டிய சாகடிச்சுட்டு வெயிலப் பத்திப் பேசுறியா? பறிச்ச காய் ஆத்தூர்ல கெடக்கு. நாளைக்கு அத மட்டும் கொண்டாந்து எறக்கிட்டு, வண்டிய பட்டறைல விட்டுட்டு, சாவிய கடைல குடுத்துரு. வத்தலக்குண்டுல வேற ஆளுக்குச் சொல்லி வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, உன் வலது காதில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ நம்பவில்லை.

"கிரவுன் போனா கால் வைக்கிற பலகை நடுங்கும் புள்ள. எனக்குக் காலு சொல்லும். ஒண்ணும் நடுங்கல."

"காலு சொல்லலைன்னா சத்தம் இல்லைன்னு ஆயிருமா? நான் என்ன பொய்யா சொல்றேன்? பத்து நாளா கேக்குது!"

அந்தப் 'பத்து நாள்' வாயிலிருந்து நழுவிவிட்டது. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பத்து நாளா என்கிட்ட சொல்லலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊரு மறைக்கட்டும். நீ மறைச்சா எனக்கு ஆரு இருக்கா?" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாய். அன்றைக்கு வெஞ்சனம் இல்லாத வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

விடிந்ததும் வண்டியை எடுத்தோம். ஆத்தூரில் மூட்டை ஏற்றினோம். தோட்டத்து மண் பாதையில் பாம்பு மாதிரி ஏழெட்டு வளைவு. மேலே ஏறி, தார் ரோடு தொடங்குகிற இடத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினாய். இறங்கி என் பக்கம் வந்து நின்று, "இப்ப சொல்லு. எனக்குக் காது நீதான். ஒண்ணு விடாம சொல்லு" என்றாய்.

நீ கேட்டது ஒவ்வொன்றும் இன்னும் அப்படியே இருக்கிறது.

"நேரா வேகமாப் போறப்ப உறுமுதா? ம்ம்ம்னு இழுத்து?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப பேரிங் இல்ல. ஆக்சிலேட்டர மிதிக்கிறப்ப ஒரு மாதிரி, விடுறப்ப ஒரு மாதிரி?"

"இல்ல. நேராப் போனா ஒண்ணுமே இல்ல."

"கிரவுன் போனா நேராவும் கத்தும். பாய் அவசரப்பட்டுட்டாரு." உன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "திரும்புறப்ப மட்டும்னா சக்கரத்துப் பக்கத்து ஜாயிண்டா இருக்கணும். எந்தெந்தத் திருப்பத்துல கேட்டுச்சு? எடத்தச் சொல்லு."

விரல் விட்டுச் சொன்னேன். செம்பட்டி முக்கு. ரயில்வே கேட்டுக்கு முந்தின வளைவு. கடைத்தெரு முக்கு. பட்டறை வாசல்.

"இப்ப வந்த தோட்டத்துப் பாதை? அங்க ஏழெட்டு வளைவு இருக்கே?"

யோசித்துப் பார்த்தேன். பத்து நாளாக அந்தப் பாதையில் போய் வந்திருக்கிறேன். பயத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். "அங்க ஒரு நாளும் கேக்கல மச்சான்."

நீ என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "நீ சொன்னது பூராவும் தார் ரோடு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ வெறுங்காலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாய். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம் போகும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஒன்று முந்தப் பார்க்கும், ஒன்று பிடித்து இழுக்கும். மண்ணாக இருந்தால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க வழி இல்லை. உள்ளே முறுக்கிக்கொண்டு இடிக்கும். "தார் ரோட்டுல முன் சக்கரத்தச் சேத்து மாட்டாதேன்னு மிலிட்டரில தலைல அடிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க" என்றாய். "தாரு மேல ஸ்டேரிங் கனமாத்தான் இருந்துச்சு. லோடு மேல பழியப் போட்டுட்டு இருந்தேன். ஆனா நான்தான் கம்பியத் தள்ளிக் கழட்டிட்டேனே?"

உள்ளே எட்டிப் பார்த்தாய். கம்பி முன்னால் தள்ளித்தான் இருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம் என்று முன் சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினாய். முன்பக்கம் கழன்றிருந்தால் தூக்கின சக்கரம் கையால் தள்ளினால் சுற்றும், மாட்டியிருந்தால் சுற்றாது என்றாய். நீ அடியில் படுத்து, முன் அச்சுக்குப் போகிற தண்டு சுற்றுகிறதா என்று கை வைத்துக்கொண்டாய். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினேன். அசையவில்லை. காலை ஊன்றித் தள்ளினேன். ம்ஹூம்.

அந்த நேரம் பார்த்து மாட்டு வண்டியில் ஒருத்தர் வந்தார். "என்ன மாப்ள, பொண்டாட்டிய வண்டிக்கு முட்டுக் குடுத்துட்டு நீ படுத்துத் தூங்குறியா?"

உனக்குக் கேட்கவில்லை. நான்தான், "ஆமா, நீங்க வந்து தாலாட்டுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நீ வெளியே வந்து, உள்ளே ஏறி, கம்பியின் அடியைத் தடவிப் பார்த்தாய். தடவின கை நின்றது. அந்த இடத்திலிருந்து ஒரு சாக்குச் சுருளை உருவி எடுத்தாய்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பி மேலே வருகிற இடத்தில் பலகையில் ஒரு ஓட்டை. அதை மூடியிருந்த ரப்பர் எப்போதோ போய்விட்டது. வெயில் ஏறினதும் இஞ்சின் அனல் எல்லாம் அந்த வழியாக வந்து என் காலில் அடிக்கும். கணுக்காலில் தோல் உரிந்து கிடந்ததைப் பங்குனி கடைசியில் ஒரு நாள் நீ பார்த்துவிட்டாய். மறுநாள் ஏறினால் அனல் இல்லை. சாக்கைச் சுருட்டி ஓட்டையில் இறுக்கி அடைத்திருந்தாய். "இப்ப சுடுதா?" என்று மட்டும் கேட்டாய். சுடவில்லை என்றேன். அன்றைக்கு வழியெல்லாம் எனக்குள் ஒரே குளிர்ச்சி. அதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சாக்குத்தான் கம்பியை முழுசாக முன்னால் போகவிடாமல் தடுத்திருந்தது. நீ தள்ளினாய், அதுவும் தள்ளின மாதிரி நின்றது. இன்னும் இரண்டு விரல் தூரம் போயிருக்க வேண்டும். முன் சக்கரம் கழலவே இல்லை.

சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீ என் காலைப் பார்த்தாய். "ஒன் காலுக்கு வச்சது என் கழுத்துக்கு வந்துருச்சேடி" என்றாய்.

ஜாக்கியை இறக்கினோம். சாக்கை எடுத்த பிறகும் கம்பி உடனே வரவில்லை, உள்ளே அவ்வளவு முறுக்கு. வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்து, கம்பியை முன்னால் தள்ளினாய். டொக். உன் உள்ளங்கையில் அது இடித்தது, என் காதில் அது விழுந்தது. ஒரே நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மறுபடி ஜாக்கி. சக்கரத்தைத் தள்ளினேன். கனமாகத்தான் இருந்தது, ஆனால் சுற்றியது கருப்பட்டி! நான் நிறுத்தவே இல்லை. சேலை முந்தியெல்லாம் கிரீஸ். "போதும் விடு, சக்கரம் தேஞ்சுரும்" என்றாய்.

செம்பட்டி முக்கில் திரும்பினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டயர் தாரில் உரசுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். இல்லை என்று தலையாட்டினேன். நீ திருப்பிக்கொண்டு வந்து மறுபடி அதே முக்கில் திரும்பினாய். இன்னொரு தரம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து, "என்னய்யா, வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார்கள். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் அந்த மூன்று வட்டத்தில் இறங்கிவிட்டது.

கடைக்கு வந்து மூட்டையை இறக்கினோம். முதலாளியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் வலமும் இடமுமாக நீ வளைத்துக் காட்டினாய். பாய் இறங்கி வந்து, "தங்கச்சி, நான் சத்தத்த மட்டும் கேட்டேன். எந்த ரோட்டுல கேக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கலியே" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பட்டறைச் செலவு இல்லை, வண்டி படுக்கவும் இல்லை. உன் பக்கம் திரும்பி, "எப்படிப்பா கண்டுபுடிச்ச?" என்றார்.

அவர் வாயைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. 'ஏதோ கண்டுபிடித்தேன்' என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாம் பழையபடி ஓடியிருக்கும்.

"நான் கண்டுபுடிக்கல முதலாளி. இவ கேட்டா. எனக்கு..."

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். நிறுத்து. நம் பாஷையில் அதற்கு மேல் வார்த்தை இல்லை. அதுவரை அந்தக் கைக்கு நீ நிற்காமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கு என் கையைத் தோளிலிருந்து எடுத்து, உன் கையில் பிடித்துக்கொண்டாய், கடைத்தெருவே பார்க்க.

"எனக்குக் காது கேக்காது முதலாளி. ஒண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணு போய்க்கிட்டு இருக்கு. ஆரன் சத்தம் பூரா இவதான் கேட்டுச் சொல்லுவா. தோள்ல கைய வச்சிருக்கறது அதுக்குத்தான். ஒங்ககிட்ட மறைச்சது தப்பு."

முதலாளி முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. "அடப்பாவி, இத்தன நாளு கேக்காமயா ஓட்டுன? ஒன்ன நம்பி எத்தன ஆளுகள வண்டிப் பின்தொட்டில ஏத்திவிட்டிருக்கேன்!" என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாம் நியாயம்தான். நீ அவர் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாய். உன்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவர் கடைக்குள் போய்விட்டார். நாம் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம். செத்த நேரம்தான் இருக்கும். எனக்கு ஒரு யுகம். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் ஒரு அதிசயம். பயம் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாமல் நின்றதில் முதுகு நிமிர்ந்திருந்தது.

அவர் வெளியே வந்து, சாவியை உன்னிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. சாவி ஒன்கிட்ட இருக்கட்டும். நீ ஏறுனா வண்டி கெளம்பும். நீ வராத அன்னைக்கு வண்டிக்கும் லீவு. மலையாளத்துப் பக்கம் தூர லோடு இனிமே கெடையாது. தொட்டில இனிமே ஆளு ஏத்தக் கூடாது. தோட்டத்துலருந்து கடைக்கு, கடையிலருந்து சந்தைக்கு, அம்புட்டுத்தான். என்னைக்காச்சும் ஒருத்தர் மேல உரசுனான்னா, மறு பேச்சு இல்லாம சாவி இங்க வந்துரணும்."

நம் மேல் இரக்கமா, இல்லை அந்தச் சேற்றில் இறங்க வேறு கை கிடைக்காது என்பதாலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பாய் போய், பட்டறையிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டை அளவாக வெட்டிக்கொண்டு வந்து அந்த ஓட்டையை மூடிக் கொடுத்தார். கம்பி தடங்கல் இல்லாமல் போய் வந்தது, அனலும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருசம் ஓட்டினாய். கத்தரிச் செடிக்குள்ளிருந்து கத்துகிற பொம்பளைகளும் விசயம் தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். இல்லை, அடங்கவில்லை. "சாவிக்காரி வாராடி" என்று பேரை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆறு வருசமும் நான் தட்டாமல் விட்டது ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட நம் சக்கரம் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "போதும் புள்ள, இனிமே கண்ணும் களைச்சுப் போகும்" என்று நீயாகவே சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சாவியைக் கொடுத்தோம். நீ முகம் வாடுவாய் என்று நினைத்தேன். முதலாளி கடையிலேயே வெங்காயம் தரம் பிரிக்க உட்கார்ந்து, உட்கார்ந்த முதல் நாளே அவரிடம் வம்பு பேச ஆரம்பித்துவிட்டாய். வாடினது யாரும் இல்லை. நான் அன்றைக்குத் தூங்கின தூக்கம் கல்யாணத்துக்குப் பிறகு தூங்காத தூக்கம்.

போன கார்த்திகையில் நெஞ்சுச் சளி வந்து, நாலு நாள் படுத்து, நம் வீட்டுப் பாயிலேயே போனாய். அழுதேன், இன்னும் அழுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. நீ ரோட்டில் போகவில்லை. யாரையும் உன்னோடு கொண்டும் போகவில்லை. நம்மால் ஒரு வீட்டில் ஒப்பாரி விழவில்லை. புருசன் போன வீட்டில் இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். உன் காதாக இருந்தது எனக்குப் பாரமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பாரம் போய்விட்டது. பெருமை இருக்கிறது. ரோட்டில் எந்த வண்டி போனாலும் உறுமலா, இடியா, நேர் ரோட்டிலா, திருப்பத்திலா என்று காது தானாகப் பிரித்துப் பார்க்கிறது. அதை நிறுத்தச் சொல்லி நானும் அதற்குச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஊரான் ஆரன் ஒவ்வொன்றையும் கேட்டவள், என் குரல் உனக்கு எந்த நாளோடு நின்றது என்று கேட்டுவைக்கவில்லை. நீ வாயைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிட்டாய், நானும் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். சொல்லு கருப்பட்டி, கடைசியாக என் குரல் உன் காதில் விழுந்தது என்றைக்கு? அப்போது நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேனா, சாப்பிடக் கூப்பிட்டேனா?